இரண்டாவது அடிக்குப் பிறகு

கண்டி யட்டிநுவர வீதியில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே, பவாஸின் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. கூடம் என்பது கொஞ்சம் பெரிய சொல். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, சுவரில் ஒட்டிய பழைய கம்பளம், ஒரு கம்பியூட்டர், இரண்டு ஸ்பீக்கர், மூன்று கதிரைகள். புதிதாகப் பாடிப் பதிவு செய்ய யாரும் வந்து பல வருடமாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வேலைக்குத்தான் வந்தார்கள். பாட்டில் பாடியவரின் குரலை எடுத்துவிட்டு இசையை மட்டும் தர வேண்டும். பாடசாலைக் கலைவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியைகள், கல்யாண மேடையில் தாமே பாட ஆசைப்படும் மாப்பிள்ளைகள், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகள். அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே ‘குரல் எடுக்கிற பவாஸ்’ என்றாகிவிட்டிருந்தது.

ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிபோல, அவருடைய நானா, கூடப்பிறந்த மூத்தவர் மஹ்மூத், அந்தப் படிகளில் ஏறி வந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

மஹ்மூதால் பேச முடியாது. ஐந்து வருடங்களுக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சு விடும் துளையை ஒரு சின்ன வெள்ளைத் துணி மறைத்திருந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக் காட்டுவார். அன்றைக்கும் கதிரையில் உட்கார்ந்து மூச்சு நிதானப்படும்வரை காத்திருந்து, கொப்பியை மடியில் விரித்தார்.

“என்ன நானா, இவ்வளவு படி ஏறி வந்திரிக்கிறீங்க? ஒரு ஆளுக்கிட்ட செல்லியனுப்பினா நான் மடவளைக்கு வந்திருப்பேனே” என்றார் பவாஸ்.

மஹ்மூத் எழுதினார். ‘நம்மட பாட்டு ஒன்ட கிட்ட இன்னும் இரிக்கா?’

இருக்கிறது என்று பவாஸ் தலையசைத்தார்.

ஆறு பாட்டுகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில், கட்டுகஸ்தோட்டையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், பாடசாலை விடுமுறையில் பதிவு செய்தவை. மஹ்மூதுக்கு அப்போது இருபத்தெட்டு வயது, பவாஸுக்கு இருபத்தொன்று. மஹ்மூத் பாட, பவாஸ் மேண்டலின் வாசிக்க, தபேலாவுக்கு ஒரு கூட்டாளி. மூன்று பேருக்கும் ஒரே மைக். அல்லாஹ்வைப் புகழ்ந்தும் நபிகளைப் பற்றியும் நான்கு பாட்டு, உம்மாவைப் பற்றி ஒன்று, நோன்புப் பெருநாளைப் பற்றி ஒன்று. முந்நூறு கசெட் போட்டார்கள். மடவளையிலும் அக்குறணையிலும் கடைகளில் அவை ஒரு காலத்தில் ஓடிக்கொண்டே இருந்தன.

இரண்டாயிரத்து ஆறில் மஹ்மூத் ஹஜ்ஜுக்குப் போய் வந்தார். வந்தவர் பாட்டை விட்டார். இசைக் கருவி ஹராம், மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பது அவருக்கு அங்கே உறுதியாகிவிட்டது. வீட்டில் இருந்த கசெட்டுகளை எல்லாம் எரித்தார். தம்பியையும் கூப்பிட்டு மேண்டலினை விடச் சொன்னார். “என்ட கைக்கு வேற ஒண்டும் தெரியா நானா” என்றார் பவாஸ். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணத்திலும் ஜனாஸாவிலும் பார்த்தால் ஸலாம் சொன்னார்கள், சுகம் விசாரித்தார்கள். அவ்வளவுதான். பவாஸ் ஹோட்டல்களில் சுற்றுலாக்காரர்களுக்கு முன்னாலும் கல்யாணங்களிலும் வாசித்துக் காலத்தை ஓட்டினார். அங்கே வாசித்ததை யாரும் பதிவு செய்யவில்லை. அவர் வாசிப்பு இந்த உலகத்தில் எங்கேயாவது இருந்தது என்றால், அது அந்த ஆறு பாட்டுகளில்தான். அந்தப் பதிவின் மூல நாடா அவரிடம் இருந்தது. அதைக் கம்பியூட்டரிலும் ஏற்றி வைத்திருந்தார்.

மஹ்மூத் மீண்டும் எழுதினார். இந்தத் தடவை நீளமாக.

‘ஆஸிகாவுக்கு நாலு வயசு. அவள் பொறந்தப்போ எனக்குச் சத்தம் இல்ல. என்ட குரல் எப்பிடி எண்டு அவளுக்குத் தெரியா. நீ பாட்டில குரல எடுக்கிற எண்டு செல்றாங்க. எனக்குக் குரல வச்சிட்டு மத்ததை எடுத்துத் தா.’

பவாஸ் அதை இரண்டு தடவை வாசித்தார். ‘மத்தது’ என்றால் தபேலாவும் அவரும்தான்.

“ஏலும் நானா, செஞ்சு தாறேன்” என்றார்.

*

குரலையும் இசையையும் பிரிப்பதற்குக் கம்பியூட்டருக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அது பிரித்துக் கொடுத்ததில் மஹ்மூதின் குரல் சுத்தமாக இல்லை. வரிகளுக்கு இடையில் மேண்டலின் மெல்லியதாகக் கேட்டது, பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல. பவாஸ் ஒவ்வொரு பாட்டாக எடுத்து, அந்த இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அடைத்தார். மத்தியானம் ஸுஹர் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தால் பின்னேரம் அஸர்வரை அதே வேலை. மூன்று வாரம் போனது.

இத்தனை வருடமாக மற்றவர்களின் குரலை எடுத்தபோது அவருக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது தன் விரல்கள் தட்டிய ஒவ்வொரு சுரத்தையும் தேடிப் பிடித்து அழிக்கும்போது, இருபத்தொரு வயதில் தான் இவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறோமா என்று திகைத்தார். அழித்த பிறகுதான் அது தெரிந்தது.

மஹ்மூத் வந்து ஹெட்போனைப் போட்டுக் கேட்டார். உம்மாவைப் பற்றிய பாட்டில், இரண்டாவது அடி முடிந்ததும் கையைத் தூக்கினார். அந்த இடத்தில் முன்பு மேண்டலின் தனியாகப் பேசும். இப்போது பன்னிரண்டு வினாடி ஒன்றுமில்லை.

‘இது ஏன் இப்பிடி வெறுமையா இரிக்கி? கேக்கிறவங்களுக்கு விளங்கும், இதில என்னமோ இருந்த எண்டு.’

“அப்ப என்ன செய்ற நானா?”

‘வெட்டி ஒட்டு.’

பவாஸ் வெட்டினார். வரிகளுக்கு இடையில் இருந்த வெற்றிடங்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரு வரியின் முடிவில் அடுத்த வரியைக் கொண்டுவந்து ஒட்டினார். நாலரை நிமிடப் பாட்டு இரண்டே முக்கால் நிமிடமானது.

அடுத்த தடவை வந்தபோது மஹ்மூத் கடைசி அடியில் கையைத் தூக்கினார். ‘இங்க இன்னும் கேக்குது.’

“அந்த எடத்தில நீங்களும் நானும் ஒரே சுரத்தில போறோம் நானா. நீங்க மேல ஏறினா நானும் ஏறுற, எறங்கினா எறங்குற. கம்பியூட்டருக்கு ரெண்டையும் பிரிக்க ஏலா. என்னை எடுக்கப் போனா ஒங்களையும் கொஞ்சம் எடுக்கணும்.”

மஹ்மூத் யோசித்தார். பிறகு எழுதினார்.

‘எடு.’

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பவாஸ் மடவளையில் நானாவின் வீட்டுக்குப் போனார். மஹ்மூதின் மனைவி ஸக்கியா சாப்பாடு வைத்தார். மகன் ரிஸ்கான், பவாஸ் கொண்டுவந்த பென் டிரைவை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். ரிஸ்கானின் மகள் ஆஸிகா பாட்டனாருக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பாட்டனாரை அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள் அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பாட்டு தொடங்கியது. ஸக்கியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல் அந்த வீட்டில் கேட்டது. இளமைக் குரல், அவர் கல்யாணம் முடித்த காலத்துக் குரல்.

“மகள், இது யாரு பாடுற தெரியுமா?” என்றார் ரிஸ்கான்.

ஆஸிகா தலையைச் சாய்த்துக் கேட்டாள். “யாரு?”

“ஒங்கட அப்பா.”

அவள் பாட்டனாரைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை. “ஏன் தண்ணிக்குள்ள இருந்து பாடுறாங்க?” என்றாள்.

பவாஸ் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரியும். மேண்டலினைச் சுரண்டிச் சுரண்டி எடுத்த இடங்களில் குரலும் தேய்ந்திருந்தது. கடைசி அடியில் அது நீருக்கடியில் போய் வெளியே வந்ததுபோல இருந்தது. அந்த இடத்தில்தான் மஹ்மூத் தன் வாழ்நாளிலேயே மிக நன்றாகப் பாடியிருந்தார்.

இனியாவது நானா மனம் மாறுவார் என்று பவாஸ் நினைத்தார். பழைய பாட்டை அப்படியே பிள்ளைக்குப் போட்டுக் காட்டலாம் என்று எழுதுவார், தானும் உடனே சரி என்று சொல்லலாம் என்று காத்திருந்தார். மஹ்மூத் கொப்பியைத் திருப்பிக் காட்டினார்.

‘பழசு இன்னும் ஒன்ட கிட்ட இரிக்கே. நான் மௌத்தான பொறகு யாராவது போன்ல போட்டு விட்டா, அது கேக்கிற காலமெல்லாம் அந்தப் பாவம் என்ட கணக்கிலதான் வரும். அதை இல்லாமலாக்கணும்.’

பவாஸ் “நாளைக்கே வாங்க” என்றார். ஸக்கியா இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தைத் தொடாமலேயே எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மஹ்மூத் வந்து அதே கதிரையில் உட்கார்ந்தார். பவாஸ் ஆறு பாட்டையும் கம்பியூட்டரில் அழித்தார். பிரித்தபோது தனியாக வந்திருந்த மேண்டலின், தபேலாக் கோப்புகளையும் அழித்தார். அலுமாரியிலிருந்து மூல நாடாவை எடுத்து, கத்தரிக்கோலால் சுருள் சுருளாக நறுக்கிப் பையில் போட்டார். ஒரு பிரதியை மறைத்து வைத்திருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. நானா சத்தியம் கேட்டிருந்தால் பவாஸ் பொய்ச் சத்தியம் செய்திருப்பார். அவர் கேட்கவில்லை. தம்பி சொன்னால் சொன்னதுதான் என்ற நம்பிக்கையில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். அந்த நம்பிக்கையும் பவாஸுக்குக் கோபத்தை மூட்டியது. உனக்கு நான் வேண்டாம் என்றால் எனக்கும் நான் வேண்டாம் என்ற ரோஷத்தில்தான் அவர் அந்த நாடாவை அவ்வளவு சின்னச் சின்னதாக நறுக்கினார்.

*

ஒக்டோபரில் நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை நுரையீரலில். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரிஸ்கான் போன் எடுத்தார்.

“சாச்சா, வாப்பா ஒங்களக் கேக்கிறாங்க. இன்டைக்கே வாங்க.”

மஹ்மூத் கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. மற்றவர்களை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். கொப்பியில் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

‘உம்மா பாட்டில ரெண்டாவது அடிக்குப் பொறகு நீ ஒண்டு வாசிப்பியே. அது என்னெண்டு ஞாபகம் வருதில்ல. ஒரு மாசமா யோசிக்கிற. வருதில்ல.’

மூச்சு எடுத்துக்கொண்டு மறுபடியும் எழுதினார்.

‘என்ட குரல் எனக்கு ஞாபகம் இரிக்கி. அதுதான் இல்ல. எனக்கு மட்டும் ஒருக்காப் போடு.’

“எல்லாத்தையும் அழிச்ச தானே நானா. நீங்க பக்கத்திலதானே இருந்தீங்க.”

மஹ்மூத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ ஒன்றை வைத்திருப்பாய், எனக்குத் தெரியும் என்பதுபோல ஒரு பார்வை. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பவாஸ், “தேடிப் பாக்கிறேன்” என்று சொல்லிவிட்டார்.

நான்கு நாள் தேடினார். அழிந்ததை மீட்டுத் தருகிற ஒருவரிடம் கம்பியூட்டரைக் கொண்டுபோனார். பாட்டுகளின் பெயர்கள் மட்டும் திரும்பி வந்தன. திறந்தால் மழை இரைச்சல் மாதிரி ஒரு சத்தம். இடைப்பட்ட மாதங்களில் பாடசாலைப் பாட்டுகளை எல்லாம் அதே இடத்தில் பதிந்திருந்தார். பிறகு அக்குறணைக்குப் போய்ப் பழைய கடைக்காரர்களின் வீடு வீடாக விசாரித்தார். ஒரு பழைய துணிக்கடைக்காரரின் வீட்டில் அவர்களுடைய கசெட் பெட்டி இருந்தது. அட்டையில் மஹ்மூதின் பெயர், கீழே சின்ன எழுத்தில் பவாஸின் பெயர். அங்கேயே நின்று திறந்தார். உள்ளே வேறு கசெட் இருந்தது.

“பிள்ளைகள் மாத்தி மாத்தி வச்சிட்டாங்க போல” என்றார் கடைக்காரர். “மத்தது எங்கேயோ தெரியா தம்பி. வெள்ளத்தில மிச்சம் சாமான் போயிட்ட.”

ஐந்தாம் நாள் பவாஸ் மேண்டலினைக் கட்டில் விரிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு மடவளைக்குப் போனார். ரிஸ்கான் வாசலில் நின்றார். சுற்றியிருந்தாலும் அது என்ன என்று அவருக்குத் தெரிந்தது.

“சாச்சா, இந்த வீட்டுக்குள்ளயா? வாப்பா இந்த நெலமையில இரிக்கிறப்பவா?”

ஸக்கியா உள்ளே இருந்து வந்தார். “ஒன்ட வாப்பாதான் கேட்ட. நீ கொஞ்ச நேரம் கடைக்குப் போயிட்டு வா, மகன்” என்றார். ரிஸ்கான் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஸக்கியா ஜன்னல்களைச் சாத்தினார்.

பவாஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து சுருதி சேர்த்தார். மஹ்மூத் கண்ணை மூடிக்கொண்டார். பவாஸ் தனக்கு ஞாபகம் இருந்ததை வாசித்தார். அது ஒரு பன்னிரண்டு வினாடிதான். முப்பத்தாறு வருடத்துக்கு முன், முன்கூட்டி யோசிக்காமல், அந்த நேரத்தில் கைக்கு வந்ததை வாசித்தது. மஹ்மூத் கண்ணைத் திறந்து தலையை ஆட்டினார். அது இல்லை.

வேறு விதமாக வாசித்தார். அதுவும் இல்லை. மேலே இருந்து கீழே இறங்கிப் பார்த்தார், கீழே இருந்து ஏறிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் மஹ்மூத் தலையை ஆட்டினார். மூன்று மாதத்துக்கு முன் இந்தக் காதால் அதை எத்தனையோ தடவை கேட்டிருந்தார் பவாஸ். ஆனால் அழிக்க வேண்டிய இடம் எது என்று பார்ப்பதற்காகக் கேட்டது அது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வினாடிக் கணக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. ராகம் இல்லை.

“ஒங்கட குரலோட சேர்ந்து வாசிச்சா வரும் நானா” என்றார். வெட்டி ஒட்டிய அந்தப் பாட்டைப் போனில் போட்டார். முதல் அடி வந்தது, இரண்டாவது அடி வந்தது. விரலைத் தந்தியில் வைக்குமுன் மூன்றாவது அடி தொடங்கிவிட்டது. நிறுத்தித் திரும்பப் போட்டார். மறுபடியும் அதே. அந்த இளமைக் குரல் மூச்சு விடாமல் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அவர் நுழைவதற்கு எங்கேயும் இடமில்லை. போனை நிறுத்தி வைத்துவிட்டு இடம் உண்டாக்கிப் பார்த்தார். போன் நின்றதும் குரலும் நின்றது. குரல் நின்றதும் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, மஹ்மூத் கையை நீட்டித் தந்திகளின் மேல் வைத்தார். அந்தக் கை அவ்வளவு சூடாக இருந்தது.

“நான் ரோஷத்தில அழிச்ச நானா” என்றார் பவாஸ். “நீங்க செல்லியதுக்காக மட்டும் இல்ல. ஒண்டை ஒளிச்சு வச்சிருக்கலாம். வேணுமெண்டுதான் வைக்கல்ல.”

மஹ்மூத் கொப்பியை எடுக்கவில்லை. கையைத் தந்தியிலிருந்து எடுத்துச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. அவர் கோபித்தாரா, மன்னித்தாரா, களைத்துப்போனாரா என்று பவாஸுக்குத் தெரியவில்லை. அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மேண்டலினைத் திரும்பச் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

மூன்றாம் நாள் விடிகாலை பஜ்ர் தொழுகைக்குப் பிறகு மஹ்மூத் மௌத்தானார்.

*

ஜனாஸா முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு ஸக்கியா பவாஸைக் கூப்பிட்டு அந்தக் கொப்பியைக் கொடுத்தார். “கடைசிப் பக்கத்தில என்னமோ எழுதி இரிக்கி தம்பி. எனக்கும் ரிஸ்கானுக்கும் விளங்கல்ல. ஒங்களுக்குத்தான் எண்டு நினைக்கிறேன்.”

பவாஸ் அதை அந்த வீட்டில் திறக்கவில்லை. கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோரமாக உட்கார்ந்து திறந்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. கடைசி எட்டுப் பக்கத்திலும் வார்த்தை எதுவும் இல்லை. தனன தந்தனா, தான தனன, தந்தன தானனா என்று வரி வரியாக எழுதியிருந்தது. பேச முடியாத மனிதர் மனதுக்குள் பாடிப் பார்த்து எழுதிய சந்தங்கள். ஒவ்வொரு வரியின் மேலும் ஒரு கோடு. சிலவற்றில் காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்திய கோடு. எழுத்து போகப் போகக் குலைந்துகொண்டே வந்தது. கடைசி வரியின்மேல் மட்டும் கோடு இல்லை.

பவாஸ் அதை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தார். மெதுவாக ஒரு தடவை, விரைவாக ஒரு தடவை. தொடையில் விரலால் தட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

அதுவும் இல்லை. எது சரி என்று அவரால் சொல்ல முடியவில்லை, ஆனால் இது இல்லை என்பது மட்டும் தெரிந்தது. நானா கோடு போடாமல் விட்டது கண்டுபிடித்துவிட்டதாலா, கையில் பலம் போய்விட்டதாலா என்று கேட்க இனி ஆளில்லை.

பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசலில் நின்றது. அவர் கொப்பியை மூடினார். பிறகு திறந்து மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினார்.